குதிகால் தேய்மானம்

மார்ச் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாக இருப்பதை நான்கு நாள் உங்கள் வீட்டில் தங்கி நேரிலேயே பார்த்துவிட்டேன். தொலைபேசியில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் அத்தான் போனை வாங்கி, "விடுப்பா, குடும்பத்துக்குள்ள என்ன இதெல்லாம்" என்று சிரிப்பார். எழுத்தில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். உடைந்த, தேய்ந்த இயந்திர உறுப்புகள் என் மேசைக்கு வரும். அவை எதன்மேல் உரசின, எவ்வளவு பாரம் தாங்கின, யாருடைய அலட்சியத்தால் போயின என்று பார்த்து அறிக்கை தருவேன். இருபத்தெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்தக் கண்தான். ஆகவே நம் தம்பி சின்னவனின் காலணியைப் பார்த்தும் பார்க்காததுபோல வர என்னால் முடியவில்லை.

கிளம்பிய அன்று காலை சின்னவனுக்கு மாட்டிவிடலாம் என்று கட்டிலுக்கடியில் கிடந்ததை எடுத்தேன். அவன் பாதத்துக்கு இரண்டு அளவு பெரிது. முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தீர்கள். திருப்பினேன். இரண்டு குதிகாலும் வெளிப்புறமாக, சம அளவில் தேய்ந்திருந்தன. கனத்த உடம்போடு, காலை அகட்டி வைத்து நடக்கும் ஒருவரின் தேய்மானம் அது. சின்னவன் பதினொரு வருடமாக வலது காலை இழுத்து நடக்கிறான். அவன் நடையும் அதில் இருந்தது, ஆனால் பிற்பாடு வந்து சேர்ந்ததாக: வலது முனையில் மட்டும் வெளுத்த புது உரசல். ஒரே அடித்தோலில் இரண்டு மனிதர்கள். முதலாமவர் யாரென்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எதிர் நாற்காலியில் கால் நீட்டி, அதே கடை முத்திரை குத்திய புது ஜோடியோடு, அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அழுத்தும் இயந்திரம் சின்னவனின் வலது பக்கத்தையும் அவன் பேச்சில் முக்காலையும் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக வந்தது அவன் பணம். அதை ஆள அவனால் முடியாது என்பதால் காப்பாளர் அலுவலகம் உங்களை முதல் காப்பாளராகவும் என்னை இரண்டாம் காப்பாளராகவும் நியமித்தது. நீங்கள் செலவு செய்வீர்கள். அத்தான் கணக்கு எழுதுவார். நான் வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்திடுவேன். ஊர் திரும்பியதும் என்னிடமுள்ள பிரதிகளை எடுத்து, வெட்கத்தோடு சொல்கிறேன், முதன்முறையாக வாசித்தேன். வருடம் தவறாமல் ஒரு வரி: "பிரத்தியேகக் காலணி, இரண்டு ஜோடி." எட்டு வருடத்துக்கு முன் "மருத்துவப் பயணத்துக்கு வாகனம்."

அந்த வாகனத்தில்தான் என்னை நிலையத்தில் இறக்கிவிட்டீர்கள். சின்னவன் முன் இருக்கையைத் தட்டி, "என் வண்டி, என் வண்டி" என்றான். "ஆமாண்டா முதலாளி, உன் வண்டிதான். எனக்கு டிரைவர் வேலை போட்டுக் குடு" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வண்டிக்குள் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வருடக் கணக்கோடு விண்ணப்பம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். "காப்பிலுள்ளவரின் வசதிக்காக வீட்டைத் திருத்த" மீதிப் பணத்தில் பாதியை எடுக்க அனுமதி. நான் அங்கே கண்ட ஒரே திருத்தம், இந்த வருடக் கணக்கில் முன்பணம் என்று எழுதிக் கட்டிய புது மாடிப்படி. பதினேழு படிகள். தரையிலிருக்கும் வாசல்படியையே ஆள் பிடித்தால்தான் தாண்டுகிறான் அவன்.

ஜூன் முப்பதுக்குள் இரண்டு கையெழுத்தும் வேண்டும். பதினொரு வருட ரசீதுகளின் நகல் வந்து சேரும்வரை என் கையெழுத்து என்னிடமே இருக்கும். மிஞ்சியிருப்பது அவன் ஆயுளுக்கான பணம். அவனுக்கு வயது நாற்பத்திரண்டுதான்.

உங்கள் தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? பள்ளிக்கூடத்துக்கு உன்னை இடுப்பில் தூக்கிப் போன நாளிலிருந்து நான் உனக்கு "நீ"தான். கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருக்கோ எழுதியதை மாற்றி அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன்.

நாலு நாள் தங்கினாய். சரி. அதில் ஒரு நாளாவது அவனைக் குளிப்பாட்டினாயா? பாத்ரூம் கதவுகிட்ட நின்றுகொண்டு, "துண்டு வேணுமா அக்கா?" என்று கேட்டாய். நானும், "வேணாம்ப்பா, நீ போய் உட்காரு" என்றேன். விருந்தாளியிடம் அப்படித்தானே சொல்ல வேண்டும். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் அவன் கால் நகத்தைப் பார்த்தாயா? வெட்டும்போது உதைப்பான். என் முன்பல் ஒன்று ஆடுவதை நீ கவனிக்கவில்லை. அது இயந்திர உறுப்பு இல்லையே.

ஷூ விஷயம். அத்தான் தன் காசில் தனக்கு வாங்கினது. ஒரு ஜோடி பழசானதும் தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்ல தோல். சின்னவனும், "அத்தான் ஷூ, அத்தான் ஷூ" என்று ஒரே பிடிவாதம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பான். அவனுக்கென்று தைத்தது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு தினமும் புதுசு எதற்கு?

வண்டியில் அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாமல் வேறு யாரைக் கூட்டிப் போனோமாம்? போகிற வழியில் நாங்களும் உட்கார்ந்தால் குற்றமா? அவனை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் பின்னால் ஓட வேண்டுமா?

மாடிப்படி இருந்தால் மேலே ஒரு அறை கட்டலாம், வாடகைக்கு விட்டால் அது அவன் மருந்துக்கு ஆகும் என்பது அத்தானின் யோசனை. அவர் முப்பத்தாறு வருடம் கணக்குப் பார்த்தவர். உன்னைவிட அவருக்குத் தெரியும்.

ஒன்று செய். ராப்பகலாக ஒருத்தரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மாதம் என்ன கேட்பார் என்று உன் ஊரில் விசாரி. அதைப் பதினொரு வருடத்தால் பெருக்கு. நீ படித்தவன், உனக்குப் பெருக்கல் வரும். விடையை எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ரசீது கேள்.

படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

கடந்த வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பெரிய மருத்துவமனைக்குப் பின்னால், சக்கர நாற்காலி பழுது பார்க்கும் கடைக்கு அடுத்தது, ஊனமுற்ற பாதங்களுக்குக் காலணி தைக்கிறவரின் கடை. கட்டிலுக்கடியில் கிடந்த காலணிக்குள் இருந்த முத்திரையும் எண்ணும் அவருடையவைதான். ஒரு சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய பாதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். தோலும் பசையும் கலந்த வாடை. அவர் வாயில் ஆணிகளைக் கவ்வியபடியே பேசினார்.

சின்னவனின் எண்ணைச் சொன்னேன்.

"ஓ, பெரியவருக்கா! அகலப் பாதம், சர்க்கரைக் கால். புண்ணு ஆறிடுச்சா சார்?"

"அவருக்கு நாற்பத்திரண்டு வயசுதான்" என்றேன்.

"யாருக்கு?" ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "வெளையாடாதீங்க சார். அறுபதுக்கு மேல இருக்கும். தலைக்கு மை பூசினாலும் பாதம் வயசைச் சொல்லிடும்."

பேரேட்டைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏணி போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடியை இறக்கினார். ஊதியதும் தூசி எழுந்தது. ஒடுங்கிய பாதம், வலது கட்டைவிரல் உள்பக்கம் மடங்கியது. எனக்கு அதை அடையாளம் தெரிந்தது.

"ஞாபகம் வந்திடுச்சு. இதான் அந்த எண்ணோட முதல் ஆளு. இழுத்து நடக்கிறவரு. வலது முனைக்குத் தகடு வச்சுக் குடுத்தேன். ஒரே ஒரு தடவைதான். அடுத்த வருஷம் ஆள் மாறிட்டாங்க. பில்லு மட்டும் பழைய பேருலயே போடுங்கன்னாங்க. எனக்கென்ன சார், கால் இருந்தாத் தைக்கிறேன்."

பத்து வருடம், இருபது ஜோடி. ஒன்றுகூட அவன் காலுக்குத் தைத்ததல்ல. அலமாரியில் பத்திரமாக இருப்பதாக நீங்கள் எழுதியது எந்த ஜோடி என்று நான் கேட்கப்போவதில்லை. இன்னொரு பொய்யை உங்கள் கையெழுத்தில் பார்க்க விருப்பமில்லை. திருடுவதைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது. திருடிப் போட்டுக்கொண்டு, தேய்ந்த பிறகு அதையே உரியவனுக்குத் தானமாகக் கொடுத்து, அவன் கண்ணாடி முன் நின்று பூரிப்பதைப் பார்த்துச் சிரிக்க ஒரு மனம் வேண்டும். எனக்குக் குமட்டுகிறது. இதைவிடக் கண்ணியமான சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

நீங்கள் சொன்ன பெருக்கலையும் செய்தேன். விடை பெரியதுதான். நீங்கள் எடுத்ததைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். ஆனால் அக்கா, படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் "பராமரிப்பவர் ஊதியம்" என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. சட்டப்படி, நேர்வழியில், மாதாமாதம் நீங்கள் எடுத்திருக்கலாம். பதினொரு வருடமும் அந்தக் கட்டத்தில் அத்தானின் அழகான கையெழுத்தில் ஒரு சிறு கோடு. "இல்லை" என்று பொருள். உரிமையாகக் கிடைத்திருக்கக்கூடியதை விட்டுவிட்டு அதையே களவாக எடுக்க உங்களுக்கு என்ன வந்தது?

விண்ணப்பத்தில் கையெழுத்திட மாட்டேன். காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன். அதற்குமுன் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

என்ன வந்தது என்று கேட்டாய். சொல்கிறேன்.

முதல் வருடம் அத்தான் அந்த வரியை நிரப்பத்தான் போனார். நான்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "கூடப் பிறந்தவனைக் குளிப்பாட்டக் கூலி வாங்கினவள்னு நாளைக்கு எவளாவது சொல்லவா?" என்றேன். அவர், "அப்போ சும்மாவா செய்யப் போற?" என்றார். "சும்மாதான்" என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வருடமே அவருக்குக் காலில் புண். டாக்டர், ஷூ தைக்கலைன்னா விரல் போயிடும் என்றார். கையில் காசில்லை. அவன் எண் கடையில் இருந்தது. ஒரு தடவைதானே என்று தோன்றியது. கூலி என்றால் மாதாமாதம் வெட்கம். இது வருடத்துக்கு ஒரு வெட்கம். அப்புறம் அதுவும் இல்லாமல் போனது.

போதுமா? இன்னும் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டாம் என்று அத்தான் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ கடைக்காரரை ஏணியில் ஏற்றிப் பழைய அச்சை இறக்க வைத்த பிறகு சத்தியம் எதற்கு?

ஏழு வருடத்துக்கு முன் உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரே வாரத்தில் கட்டச் சொன்னார்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணி, "எங்கேயும் புரளலை அக்கா" என்றாய். உன் குரல் உடைந்தது. மூன்றாம் நாள் பணம் அனுப்பினேன். "ஏது இவ்வளவு?" என்று கேட்டாய். "அத்தானுக்கு ஓய்வுப் பணம் வந்திருக்கு" என்றேன். "தெய்வம்டி நீ" என்றாய். அன்றைக்கு "நீ"தான். "நீங்கள்" இல்லை.

அத்தான் ஓய்வு பெற்றது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பிரிவு உபசார விழாவுக்கு நீதான் வந்து மாலை போட்டாய். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். தேய்ந்த தோலைப் பார்த்து ஆளைச் சொல்கிறவனுக்கு அன்றைக்குக் கண் எங்கே போயிருந்தது?

நீ அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், என் பணமா அது?

அந்த வருடக் கணக்கை எடுத்துப் பார். நாலாம் பக்கம். கீழே யார் கையெழுத்து என்றும் பார். அப்புறம் உன் அலுவலகத்துக்குத் தாராளமாக எழுது.

அக்கா


மே 8

அக்கா,

பார்த்தேன்.

நாலாம் பக்கம், ஒன்பதாவது வரி: "வெளியூர் மூளை நரம்பு நிபுணரின் ஆலோசனை, பரிசோதனைகள், தங்கும் செலவு." அதற்கு எதிரே இருந்த தொகையும் அந்த மாதம் என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகையும் கடைசி இலக்கம்வரை ஒன்று. அத்தான் ஒரு பைசாவைக்கூடத் தனக்கென்று பிடித்துக்கொள்ளவில்லை. நேர்மையான மனிதர். பக்கத்தின் அடியில், "சரிபார்த்தேன்" என்ற சொல்லுக்குக் கீழே, என் கையெழுத்து. நீட்டி, வால் சுழித்து, அறிக்கைகளுக்குப் போடுவதைப்போலவே.

அப்படி ஒரு நிபுணரிடம் சின்னவனை யாரும் கூட்டிப் போகவில்லை. போயிருந்தால் இன்றைக்கு அவன் வாயில் இன்னும் நாலு வார்த்தை அதிகமாக இருந்திருக்குமோ என்ற எண்ணத்தை இந்தப் பத்து நாளாக நான் மென்றுகொண்டிருக்கிறேன். துப்பவும் முடியவில்லை.

எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். மாலை போட்ட அன்று மேடையில் தேதியைச் சொன்னார்கள். ஓய்வுப் பணம் அடுத்த மாதம் வருமென்று அத்தானே பேசினார். நான் கைதட்டியபடி அதைக் கேட்டேன். ஒரு விநாடி என் கை நின்றது. பிறகு மற்றவர்கள் தட்டுகிறார்களே என்று நானும் தட்டினேன். அந்த ஒரு விநாடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அக்கா. அன்று இரவே மறந்துவிட முடிவு செய்ததும் நினைவிருக்கிறது. உன்னை "நீங்கள்" என்று எழுத எனக்கு இனி யோக்கியதை இல்லை, ஆகவே "நீ".

என் மகளிடம் சொன்னேன். அவள் இப்போது சம்பாதிக்கிறாள். முழுவதும் கேட்டாள். பிறகு, "சித்தப்பா என்னைப் பார்க்கிறப்பல்லாம் 'படிச்சாச்சா, படிச்சாச்சா'ன்னு கேப்பாரே அப்பா" என்றாள்.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். காலணி, வாகனம், மாடிப்படி, ஒன்பதாவது வரி, எல்லாவற்றையும் எழுதி, என் பெயரை முதலில் வைத்து, கொடுத்தேன். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"பில் இருக்கு. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. எங்க தணிக்கையும் முடிஞ்சிருக்கு. இப்ப எதுக்கு சார் கிளறறீங்க?"

"பொய்க் கணக்கு" என்றேன்.

"எந்தக் குடும்பத்துல இல்ல? சொத்துத் தகராறா? அப்படின்னா நேராச் சொல்லிடுங்க."

நான் எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றேன். அவர் கணினியில் நெடுநேரம் தேடினார். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார். அவளும் தேடினாள். வரவுப் பக்கத்தில் "வட்டி" என்ற ஒரே தலைப்புதான் இருந்தது. காப்பாளர் பணத்தைத் திருப்பித் தந்தால் எங்கே பதிவது என்பதற்கு அவர்களிடம் கட்டமே இல்லை. இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லையாம். கடைசியில் "வட்டி" என்றே போட்டுக்கொண்டார்கள். வருடாவருடம் சின்னவன் பணத்திலிருந்து நிர்வாகக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு எடுக்கும் அலுவலகம் அது.

உன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். என்னை முதல் காப்பாளராக மாற்றக் கேட்டிருக்கிறேன். சின்னவன் என்னிடம் வரட்டும். இது தண்டனை இல்லை. தண்டனை என்றால் உனக்கா எனக்கா என்று என்னைக் கேட்காதே.

தம்பி


ஜூன் 14

தம்பி,

ஆணை வந்துவிட்டது. நீ முதல் காப்பாளர், நான் இரண்டாமவள். ஆளை மாற்றவில்லை, இடத்தை மாற்றியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதமாக என்னோடு பேசாதவர் பேசிய முதல் பேச்சு: "அப்போ இனிமே நீ கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடு."

கொத்தனார் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். பதினேழு படியும் நிற்கிறது, மேலே அறை இல்லை. சின்னவன் அதில் முதல் படியில் உட்கார்ந்து வெயில் காய்கிறான். எப்படியோ அவனுக்குத்தான் உபயோகமானது.

சனிக்கிழமை வா. அவனுக்கு வேண்டியதை எழுதுகிறேன், கவனமாகப் படி. இதற்கு ரசீது கிடையாது.

தண்ணீரைத் தலையில் நேராக ஊற்றாதே, அலறுவான். முதலில் முதுகு. இடது கையில் சோப்பைக் கொடுத்துவிடு, அவனே போட்டுக்கொள்கிறதாக நினைத்துக்கொள்வான். நகம் வெட்டும்போது அவன் தூங்க வேண்டும். மாத்திரையைச் சோற்றில் மறைக்காதே, ஒரு தடவை கண்டுபிடித்தால் ஒரு வாரம் சாப்பிட மாட்டான். "முதலாளி, கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்தால் ஜம்மென்று விழுங்குவான். அத்தான் பழக்கிவிட்டது. கேலியாகத்தான் ஆரம்பித்தார், இப்போது அதுதான் அவனுக்கு மரியாதை. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி ஒன்றுக்குக் கூட்டிப் போ. எழுப்பாவிட்டால் படுக்கையை மாற்ற வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க முடியாது, அவ்வளவு கூசிப்போவான். பதினொரு வருடமாக நான் அந்த மூன்று மணிக்கு மேல் தூங்கியதில்லை.

நான் எடுத்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். அத்தான் என் தலையில் கட்டவில்லை, நானும் அவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் எடுத்த கையாலேதான் இத்தனையும் செய்தேன். நீ எடுத்தாய், கையே படாமல்.

கணக்கை எழுது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு அனுப்பு. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

முதல் மூன்று மாதக் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். மகளின் படிப்புக்கு எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டுவதில் மூன்று தவணை ஆகிவிட்டது. அதை "வட்டி" என்ற தலைப்பில் பார்ப்பாய். படிக்குமுன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

சின்னவன் நன்றாக இருக்கிறான் என்று எழுத ஆசைதான். முதல் பதினைந்து நாள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "அக்கா எங்க?" என்பான். வேலைக்குப் போயிருக்கா என்று என் மனைவி சொன்னாள். அது பொய்தான், ஆனால் உன்னைப் பற்றிப் பேசும்போது 'வேலை' என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் இதற்குமுன் சொன்னதில்லை. மூன்று மணிக்கு எழுப்புகிறேன். ஆறு முறை தவறினேன். அவன் முகத்தைப் பற்றி நீ எழுதியது சரி.

இப்போது கணக்கு. முதல் நாள் மாலை புது நோட்டை விரித்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். முதல் வரியாக என் கை தானாக எழுதியது: "அழைத்து வந்த பயணச் செலவு, இருவருக்கு." இருவர். என் டிக்கெட்டும் சேர்த்து. அவனுக்காகத்தானே போனேன் என்று மனதுக்குள் ஒரு குரல், அத்தானின் குரலல்ல, என்னுடையதே, மிக மரியாதையாகச் சொன்னது. மறுநாள் மனைவி, "அவருக்காகத்தானே பெரிய வீடா மாறினோம், வாடகையில பாதி போட்டா என்ன தப்பு?" என்றாள். தப்பில்லை. அதுதான் அருவருப்பாக இருக்கிறது, அக்கா. எந்த வரியும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. குளிர்சாதனப் பெட்டி அவன் மருந்துக்கு. மின்விசிறி அவன் அறைக்கு. சத்தம் குறைவு என்று நான் மதியம் அங்கே படுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் அவன் பெயரில் வந்து என் பக்கமாகச் சாய்கிறது. வேற்றூர்க்காரனாக நின்று உன் வீட்டில் இதை முகர்ந்தேன். இங்கே எனக்கு வாடையே அடிக்கவில்லை. சொந்த வீட்டு வாடை யாருக்கு அடித்தது?

காலணிக்கு இங்கேயும் ஒரு கடையைத் தேடிப் போனோம். அவன் பாதத்தை அளந்தார்கள். மூன்று அச்சு எடுத்தார்கள். வலது முனைக்குத் தகடு. பத்து வருடத்தில் முதல்முறையாக அவன் காலுக்கென்று ஒன்று. போட்டுவிட்டதும் குனிந்து பார்த்தான். "இது யாரோட?" என்றான்.

"உன்னோடதுடா."

நம்பவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "பழசானதும் எனக்கா?" என்றான்.

கடைக்காரர் சிரித்தார். நகைச்சுவை என்று எண்ணிவிட்டார். பிறகு என் காலைப் பார்த்தார். தொழில்காரர், என்னைப்போலவே. "உங்களுக்கும் குதிகால் ஒரு பக்கமாத் தேயுது சார். இப்படியே விட்டா முட்டி போயிடும். உங்களுக்கும் ஒரு ஜோடி போட்டுடலாமா? ஒரே பில்லா போட்டுடறேன், உங்களுக்குச் சுலபம்."

வேண்டாம் என்றேன்.

ஆனால் உடனே சொல்லவில்லை. மேடையில் தேதியைச் சொன்னபோது என் கை நின்ற அந்த விநாடியைவிட இது நீளம். சின்னவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ எடுத்ததைப் பற்றி நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. உன்மேல் இருந்த குமட்டல் அப்படியேதான் இருக்கிறது. அது உட்கார இன்னொரு ஆளாக நானும் கிடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊதிய வரியை மட்டும் இந்த முறை காலியாக விடவில்லை. கடந்த பதினொரு வருடத்துக்கு உனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதிலிருந்து இருபது ஜோடி காலணியையும், அந்த வாகனத்தையும், மாடிப்படிக்குப் போனதையும் கழிப்பார்கள். மிச்சம் உனக்கு வருமா, நீ தர வேண்டியிருக்குமா, தெரியாது. எதுவானாலும் அது உன் பெயரில் இருக்கும், அவன் பெயரில் இருக்காது.

கணக்கின் முதல் வரியை அடித்திருக்கிறேன். மையால் மெழுகி மறைக்கவில்லை. கீழே என்ன எழுதியிருந்தேன் என்று நீ படிக்கும்படி ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் படி. சந்தேகம் வந்தால் கேள், கோபம் வந்தால் கையெழுத்துப் போடாதே. என் பழைய காலணி ஒன்று சின்னவன் கட்டிலுக்கடியில் கிடப்பதாக எப்போதாவது கேள்விப்பட்டால், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வா.

தம்பி